மண்ணெண்ணெயில் வாழும் உலோகம்

பதினொன்றாம் வகுப்பில் எங்கள் வேதியியல் ஆசிரியர் ஒரு நாள் மேசைமேல் பழுப்புநிறக் கண்ணாடிச் சீசா ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே மண்ணெண்ணெய். அடியில் அழுக்கேறிய மெழுகுக் கட்டிபோல ஏதோ கிடந்தது. இடுக்கியால் அதை வெளியே எடுத்து, வடிதாளில் எண்ணெய் போக ஒற்றி, கத்தியை வைத்து அழுத்தினார். வெண்ணெயில் இறங்குவதுபோல் கத்தி இறங்கியது. வெட்டுப்பட்ட முகம் புது வெள்ளிக்காசுபோலப் பளிச்சிட்டது. பின்வரிசைப் பையன்கள் எழுந்து எட்டிப்பார்ப்பதற்குள் அந்தப் பளபளப்பு மங்கிச் சாம்பல் பூத்துவிட்டது.

பயறளவு துண்டு ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். அது மூழ்கவில்லை. உருகி, திரண்டு, முத்துப்போல உருண்டையாகி, சீறிக்கொண்டே தண்ணீரின்மேல் இங்குமங்கும் ஓடியது. பினாப்தலீன் கலந்த தண்ணீரில் அது ஓடிய தடமெல்லாம் இளஞ்சிவப்பாயிற்று. அடுத்து அதைவிடச் சற்றுப் பெரிய துண்டு. இம்முறை மஞ்சள் தீ. பிறகு பட்டென்று ஒரு வெடி. முன்வரிசை முழுவதும் பின்வாங்கியது.

"ஏன் வெடித்தது?" என்று கேட்டுவிட்டு அவரே பதிலும் சொன்னார். சோடியம் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றுகிறது. வினையில் பிறக்கும் சூட்டில் அந்த ஹைட்ரஜன் பற்றிக்கொள்கிறது. நாங்கள் அதை எழுதினோம், மதிப்பெண்ணும் வாங்கினோம். அந்தப் பதிலில் பிழை இல்லை. ஆனால் அது பாதிப் பதில்தான். மீதிப் பாதி மனிதர்களுக்குக் கிடைத்தது 2015ஆம் ஆண்டில். சோடியத்தை முதன்முதலில் பிரித்தெடுத்தது 1807இல். இருநூறு ஆண்டுகளாக எல்லா நாட்டுப் பள்ளிகளிலும் காட்டப்பட்ட ஒரு வெடிப்புக்கு முழு விளக்கம் இல்லாமலே இருந்தது. அப்படி ஒரு குறை இருப்பதைக்கூடப் பெரும்பாலோர் கவனிக்கவில்லை. இந்த உலோகத்தைப் பற்றி எழுதவேண்டும் என்ற ஆசை எனக்கு வந்ததே அதனால்தான்.

சோடியத்தின் குணமெல்லாம் ஒரே ஒரு எலக்ட்ரானில் இருக்கிறது. அதன் அணுவில் 11 எலக்ட்ரான்கள். முதல் கூட்டில் இரண்டு, அடுத்ததில் எட்டு. அவை நிறைந்த கூடுகள், அசையாதவை. பதினொன்றாவது மட்டும் மூன்றாவது கூட்டில், அணுக்கருவின் பிடி தளர்ந்த தூரத்தில், தனியாக இருக்கிறது. அதைப் பிடுங்க 5.14 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் போதும். அது போனபின் இன்னொன்றையும் எடுக்க முயன்றால் 47 எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் வேண்டும், அதாவது ஒன்பது மடங்கு. ஒன்றைக் கொடுக்கத் தயங்காத அணு இரண்டாவதைக் கொடுக்கவே கொடுக்காது.

கத்தி அவ்வளவு எளிதாக இறங்கியதும் இதனால்தான். ஓர் உலோகத்துண்டில் அணுக்களை ஒட்டவைக்கும் பசை, எல்லா அணுக்களும் பொதுவில் விட்டுக்கொடுத்த எலக்ட்ரான்களே. சோடியம் ஆளுக்கு ஒன்றுதான் கொடுக்கிறது. அணுக்களும் பெரியவை, விலகி நிற்பவை. பசை போதவில்லை. எனவே உலோகம் மென்மையாக இருக்கிறது. 98 டிகிரி செல்சியசில், தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே, உருகிவிடுகிறது. தண்ணீரைவிட எடை குறைந்தும் இருக்கிறது. மண்ணெண்ணெய் அதைவிடவும் இலேசானது என்பதால் சீசாவில் அடியில் கிடக்கிறது.

இவ்வளவு எளிதில் எலக்ட்ரானை இழக்கும் உலோகம் இயற்கையில் தனியாகக் கிடைக்காது. ஆனால் எலக்ட்ரானை இழந்த சோடியம், அதாவது சோடியம் அயனி, எங்கும் இருக்கிறது. தூத்துக்குடி உப்பளத்தில் குவிந்திருக்கும் உப்பின் எடையில் நூற்றுக்கு 39 பங்கு அதுதான். துணி வெளுக்க நம் ஊர்களில் உவர்மண் எடுத்துவந்தார்களே, அந்த மண்ணின் வெளுக்கும் திறன் அதிலுள்ள சோடியம் கார்பனேட்டிலிருந்து வந்தது. எகிப்தியர் தங்கள் பாலைவன ஏரிப்படுகைகளில் இதே வகை உப்பை எடுத்து இறந்தவர்களின் உடலைப் பதப்படுத்தினார்கள். நேட்ரான் என்பது அதன் பெயர். சோடியத்தின் வேதிக்குறியீடு 'எஸ்' என்று தொடங்காமல் 'என்' என்று தொடங்குவதற்கு அந்த எகிப்திய உப்புதான் காரணம்.

சோடா என்ற காரத்துக்குள் ஓர் உலோகம் ஒளிந்திருக்கிறது என்பதை நிறுவியவர் ஹம்ப்ரி டேவி. 1807 அக்டோபரில், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில், அவருக்கு வயது 28. முதலில் சோடா, அதையொத்த காரமான பொட்டாஷ் ஆகியவற்றின் கரைசல்களில் மின்சாரத்தைச் செலுத்திப் பார்த்தார். தண்ணீர்தான் பிரிந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வந்தன. தண்ணீரே கூடாது என்று முற்றிலும் உலர்த்தினால் மின்சாரம் பாயவில்லை. கடைசியில், காற்றின் ஈரம் பட்டு மேற்பரப்பு மட்டும் கசிந்த பொட்டாஷ் கட்டியில் மின்சாரத்தைச் செலுத்தினார். கட்டி உருகியது, எதிர்மின் முனையில் பாதரசத் துளிகள்போல மின்னும் குண்டுமணிகள் தோன்றின. சில தோன்றியவுடனே பற்றி எரிந்தன. அது பொட்டாசியம். அருகில் இருந்த உறவினர் எட்மண்ட் டேவி, ஹம்ப்ரி அந்த அறையில் குதித்து ஆடினார் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். சில நாட்களில் அதே முறையில் சோடாவிலிருந்து சோடியமும் வந்தது. அதற்கு இன்னும் வலுவான மின்கலம் தேவைப்பட்டது.

அடுத்த நூறு ஆண்டுகளில் சோடியம் மலிவானதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அலுமினியத்தை அதன் சேர்மத்திலிருந்து விடுவிக்கச் சோடியம் தேவைப்பட்டதால் அதைப் பெருமளவில் செய்யும் வழிகளைத் தேடினார்கள். ஹாமில்டன் காஸ்ட்னர் அதில் வெற்றி பெற்றார். அதே காலத்தில் அலுமினியத்தை நேராக மின்சாரத்தால் பிரிக்கும் முறை வந்து அந்தச் சந்தையை மூடிவிட்டது. 1924இல் டவுன்ஸ் கலம் வந்தது. சாதாரண உப்பு உருக 801 டிகிரி வேண்டும். கால்சியம் குளோரைடு சேர்த்தால் 600 டிகிரியிலேயே உருகும். அந்தக் குழம்பில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஒரு பக்கம் குளோரின், மறுபக்கம் சோடியம். இரண்டும் மறுபடி சேர்ந்துவிடாமல் நடுவே ஓர் இரும்புவலைத் தடுப்பு.

மலிவானதும் வேண்டாத இடத்தில் சோடியம் குவியவும் செய்தது. 1947இல், போருக்குப்பின் மிஞ்சிய சுமார் 9 டன் சோடியத்தை அமெரிக்க அரசு வாஷிங்டன் மாநிலத்தின் லெனோர் ஏரியில் போட்டுத் தீர்த்தது. பீப்பாய்களைச் செங்குத்துப் பாறையின் உச்சியிலிருந்து ஏரிக்குள் உருட்டிவிட்டார்கள். ஒவ்வொன்றும் தண்ணீரில் விழுந்து வெடித்ததைக் காட்டும் படச்சுருள் இன்றும் இருக்கிறது. ஏரி ஏற்கெனவே காரத்தன்மை கொண்டது என்பதை அன்று நியாயமாகக் கருதினார்கள். இன்று யாரும் அதை ஒப்பமாட்டார்கள்.

இனி அந்த வெடிப்புக்கு வருவோம். ஹைட்ரஜன் தீப்பிடிப்பதுதான் காரணம் என்றால் ஒரு சிக்கல் இருக்கிறது. சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் துளிகள் உடனே ஆவியாகாமல் முத்துமுத்தாக உருண்டோடுவதைப் பார்த்திருப்பீர்கள். துளிக்கும் கல்லுக்கும் நடுவே மெல்லிய நீராவிப் படலம் உண்டாகி, அது துளியைத் தூக்கிப் பிடிக்கிறது. சோடியமும் தண்ணீரும் தொடும் இடத்தில் இதேபோல ஹைட்ரஜனும் நீராவியும் சேர்ந்த படலம் உண்டாகவேண்டும். அந்தப் படலம் இரண்டையும் பிரித்துவிட்டால் வினை தணிந்து அடங்கவேண்டும். வெடிப்பதற்கு அதற்கு நேர்மாறான ஒன்று தேவை: உலோகமும் தண்ணீரும் ஒரே கணத்தில் மிகப் பெரிய பரப்பில் தொட்டுக்கொள்ளவேண்டும். அந்தப் பரப்பு எங்கிருந்து வருகிறது?

பிராகில் பாவெல் யுங்விர்த்தும் பிலிப் மேசனும், அவர்களோடு ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில் இருந்த ஆய்வாளர்களும் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார்கள். திண்மச் சோடியத்தின் மேலிருக்கும் ஆக்சைடுப் படலம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். அதைத் தவிர்க்க, அறை வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் சோடியம்-பொட்டாசியம் கலவையை எடுத்துக்கொண்டார்கள். ஒரு துளியைத் தண்ணீரில் விழவைத்து, அதிவேகக் கேமராவால் படம்பிடித்தார்கள்.

துளி தண்ணீரைத் தொட்டு ஒரு மில்லிநொடி முடிவதற்குள், எந்தத் தீயும் தோன்றுமுன்பே, அதன் உடலிலிருந்து முட்கள் பாய்ந்து வெளிவந்தன. உருண்டையாக இருந்த துளி காட்டு முள்ளம்பன்றிபோலச் சிலிர்த்துக்கொண்டது. அந்த முட்கள் உலோகமேதான். தண்ணீருக்குள் அவை பாய்ந்த இடத்தைச் சுற்றி நீல ஊதாச் சாயல் ஒன்று கணநேரம் தெரிந்தது.

நடந்தது இதுதான். உலோகத்தின் மேற்பரப்பிலுள்ள அணுக்கள் தண்ணீரைத் தொட்டதும் தங்கள் கடைசி எலக்ட்ரானைத் தண்ணீருக்குக் கொடுத்துவிடுகின்றன. ஒரு நொடியின் லட்சம் கோடியில் சில பங்கு நேரத்தில் அது முடிந்துவிடுகிறது. எலக்ட்ரான்கள் போனபின் துளியின் மேற்பரப்பில் நேர்மின்னேற்றம் கொண்ட அயனிகள் மட்டும் நெருக்கியடித்து நிற்கின்றன. ஒத்த மின்னேற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளுவிசை துளியின் பரப்பு இழுவிசையை மிஞ்சும்போது துளி தன் வடிவத்தைத் தாங்கமுடியாமல் முட்களாகச் சிதறுகிறது. மின்னேற்றம் அளவுமீறிய துளி உடையும் என்பதை ராலே பிரபு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கணக்கிட்டிருந்தார். அந்தக் கணக்கு சோடியத்துக்குப் பொருந்தும் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. முட்கள் பாய்வதால் உலோகத்துக்குப் புதிய பரப்பு கிடைக்கிறது. அந்தப் பரப்பில் புதிய வினை, மேலும் சூடு, மேலும் ஹைட்ரஜன். தீயும் ஓசையும் அதற்குப் பிறகு வருபவை. கேமராவில் தெரிந்த நீல ஊதா, தண்ணீர் மூலக்கூறுகள் சூழ்ந்து பிடித்த எலக்ட்ரான்களின் நிறம்.

அதே குழுவினர் 2021இல் இன்னொன்று செய்தார்கள். பெர்லினில், வெற்றிட அறைக்குள், அதே கலவையின் துளிமேல் மிக மெல்லிய நீராவிப் படலத்தைப் படியவிட்டார்கள். ஆவி அவ்வளவு குறைவாக இருந்ததால் வெடிப்பு இல்லை. எலக்ட்ரான்கள் மட்டும் நிதானமாகத் தண்ணீர்ப் படலத்துக்குள் ஏறின. சில நொடிகளுக்குத் தண்ணீர் பொன்னிறமாக மின்னியது. அந்தச் சில நொடிகளும் அது உலோகம்போல மின்சாரம் கடத்தும் நிலையில் இருந்தது. இந்த நூற்றாண்டின் மிக அழகான வேதியியல் சோதனைகளில் இதையும் ஒன்றாகவே வைப்பேன்.

கடைசி எலக்ட்ரான் அணுவைவிட்டுப் போகாமலும் ஒரு வேலை செய்யும். உப்புப் போட்ட குழம்பு பொங்கி அடுப்பில் வழியும்போது நீலத்தீ மஞ்சளாகிறதே, அங்கே அந்த எலக்ட்ரான் சூட்டில் ஒரு படி மேலே ஏறி, திரும்ப இறங்குகிறது. இறங்கும்போது 589 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஒளியை விடுகிறது. நம் தெருக்களில் எல்.இ.டி. வருமுன் எரிந்த சோடியம் விளக்குகளின் மஞ்சளும் அதன் வழிவந்ததே. விண்கற்கள் எரிந்து விட்டுச்சென்ற சோடியம் அணுக்கள் நம் தலைக்குமேல் சுமார் 90 கிலோமீட்டர் உயரத்தில் மெல்லிய அடுக்காக இருக்கின்றன. வானியலாளர்கள் அதே மஞ்சள் நிற லேசரை அங்கே பாய்ச்சி, செயற்கை விண்மீன் ஒன்றை உண்டாக்கி, காற்றின் அலைவால் தொலைநோக்கிப் படம் கலங்குவதைத் திருத்துகிறார்கள்.

இவையெல்லாம் கிராம் கணக்கு. டன் கணக்கில் சோடியம் இருக்கும் இடம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தில். இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் வேகச் சோதனை ஈனுலை 1985 அக்டோபர் 18இல் உயிர்பெற்றது. அதற்குப் பக்கத்தில் எழுந்த 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலையில் 2024 மார்ச்சில் உலையின் உட்கருவை நிரப்பும் பணி தொடங்கியது. அந்த உலைக்கு வேண்டிய சோடியம் சுமார் 1,750 டன்.

தண்ணீர் பட்டால் வெடிக்கும் உலோகத்தை அணு உலைக்குள் ஏன் ஊற்றுகிறார்கள் என்று யாரும் கேட்பார்கள், கேட்கவேண்டிய கேள்விதான். ஈனுலை என்பது இயங்கிக்கொண்டே புதிய அணு எரிபொருளையும் உண்டாக்கும் உலை; அதற்கு நியூட்ரான்களின் வேகம் குறையக் கூடாது. தண்ணீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருவும் நியூட்ரானும் ஏறக்குறைய ஒரே எடை. கோலிக்குண்டு கோலிக்குண்டில் மோதி நிற்பதுபோல, தண்ணீரில் நியூட்ரான் வேகமிழந்துவிடும். சோடியம் அணுக்கரு 23 மடங்கு கனமானது. அதில் மோதும் நியூட்ரான் பெரும்பாலும் தன் வேகத்தோடே திரும்பும். அடுத்தது, சிறிய உட்கருவில் பிறக்கும் பெரும் வெப்பத்தை விரைந்து வாங்கிக்கொள்ளவேண்டும். எலக்ட்ரான்கள் தளர்ந்து திரியும் உலோகம் என்பதால் சோடியம் தண்ணீரைவிட நூறு மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்துகிறது. இங்கும் வேலை செய்வது அதே ஒற்றை எலக்ட்ரான்.

மூன்றாவது காரணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. சோடியம் 98 டிகிரியில் உருகி 883 டிகிரி வரை கொதிக்காமல் திரவமாகவே இருக்கும். முன்மாதிரி உலையின் உட்கருவைவிட்டு அது வெளியே வருவது 547 டிகிரியில். கொதிநிலைக்கு இன்னும் 300 டிகிரிக்கு மேல் இருக்கிறது. ஆகவே கலத்துக்குள் பெரிய அழுத்தம் தேவையில்லை. தண்ணீரை 300 டிகிரியில் திரவமாக வைத்திருக்கவேண்டும் என்றாலே வளிமண்டலத்தைப்போல் நூறு மடங்குக்கு நெருங்கிய அழுத்தத்தைத் தாங்கும் பாத்திரம் வேண்டும்.

தொல்லைகளும் உண்டு. உலையை நிறுத்தினால் சோடியம் குழாய்க்குள் உறைந்துவிடும். குழாய் நெடுகச் சூடேற்றும் கம்பி சுற்றவேண்டும். சோடியம் ஒளி புகாதது, உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்கமுடியாது. மீயொலியால் தடவிப் பார்க்கவேண்டும். காற்று படாமலிருக்க மேலே ஆர்கான் வாயு. உட்கருவைத் தொட்டுவரும் சோடியம் கதிரியக்கம் பெறும். அதன் அரைவாழ்வு 15 மணி நேரம். அதனால் அது நேராக நீராவிக் கலனுக்குப் போவதில்லை. கதிரியக்கமற்ற இரண்டாவது சோடியச் சுற்று ஒன்று நடுவே நின்று வெப்பத்தை மட்டும் வாங்கிக் கைமாற்றுகிறது.

அந்த இரண்டாவது சுற்று கடைசியில் தண்ணீரைச் சந்தித்தே ஆகவேண்டும். நீராவிக் கலனில் மெல்லிய எஃகுக் குழாய்கள். குழாய்க்கு உள்ளே வளிமண்டலத்தைப்போல் 170 மடங்கு அழுத்தத்தில் தண்ணீரும் நீராவியும், வெளியே சூடான சோடியம். நடுவே இருப்பது இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான எஃகு. எங்கள் ஆசிரியரின் தொட்டியில் நடந்தது இங்கே நடக்கவே கூடாது. ஊசிமுனைத் துளை விழுந்தாலும் நீராவி சோடியத்துக்குள் பீச்சியடித்து, அதில் பிறக்கும் காரமும் சூடும் பக்கத்துக் குழாயையும் அரித்துவிடும். எனவே சோடியத்தில் கரைந்திருக்கும் ஹைட்ரஜனை உணரிகள் இடைவிடாமல் அளந்துகொண்டே இருக்கின்றன. அதன் அளவு இம்மியளவு கூடினாலும் எங்கோ தண்ணீர் கசிகிறது என்று பொருள். பள்ளிப் பாடத்தில் வெடிப்புக்குப் பழி சுமந்த ஹைட்ரஜன் கல்பாக்கத்தில் முதல் எச்சரிக்கை தருகிறது.

ஜப்பானின் மோஞ்சு உலையில் 1995 டிசம்பர் 8இல் இரண்டாவது சுற்றிலிருந்து சுமார் 640 கிலோ சோடியம் கசிந்து தீப்பிடித்தது. ஓடும் சோடியத்தின் அதிர்வில் வெப்பமானியின் உறை ஒன்று முறிந்திருந்தது. யாருக்கும் காயமில்லை, கதிரியக்கமும் வெளியேறவில்லை. ஆனால் விபத்தைக் காட்டும் காணொளியின் ஒரு பகுதியை உலையை நடத்தியவர்கள் மறைத்தார்கள். அது வெளிவந்தபின் மக்கள் நம்பவில்லை. பதினான்கு ஆண்டுகளுக்குமேல் மூடிக்கிடந்து, சிறிது காலம் இயங்கி, 2016இல் நிரந்தரமாக மூட முடிவாயிற்று. ரஷ்யாவின் பிஎன்-600 உலையிலோ இருபதுக்கும் மேற்பட்ட சோடியக் கசிவுகள் நேர்ந்தும், அது 1980 முதல் மின்சாரம் தந்துவருகிறது. கல்பாக்கத்துச் சோதனை உலையிலும் 2002இல் சுமார் 75 கிலோ கசிந்தது. சோடியம் எங்கே எப்படி நடந்துகொள்ளும் என்பதை முன்கூட்டிச் சொல்லலாம். அதன் குணம் மாறாது. மனிதர் மறைப்பதைத்தான் முன்கூட்டிச் சொல்லமுடியாது. கல்பாக்கத்தைச் சுற்றியுள்ள குப்பங்களுக்கும் ஊர்களுக்கும், சின்னக் கசிவானாலும் அன்றைக்கே, அவர்கள் மொழியில் சொல்லப்படவேண்டும். சோடியத்தைப் படித்தவன் என்ற முறையில் இதை நான் அழுத்திச் சொல்வேன்.

சோடியம் எரியும்போது பெட்ரோல்போலத் தீ உயரமாக எழாது. தாழ்ந்த தீயும், தொண்டையை அரிக்கும் அடர்ந்த வெண்புகையும்தான். அதன்மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கரியமில வாயுவும் கூடாது. எரியும் சோடியம் அதிலிருந்தும் ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும். வேறொன்றிடமிருந்து எலக்ட்ரானை வாங்கக்கூடிய எதுவும் அந்தத் தீயை வளர்த்துவிடும். எலக்ட்ரான் கொடுக்கல் வாங்கல் எல்லாம் முடிந்து ஓய்ந்த பொருளால்தான் அதை மூடவேண்டும். அதற்காக உலகெங்கும் தீயணைப்பான்களில் நிரப்பப்படும் தூள்களில் ஒன்று, நன்கு உலர்த்திய சோடியம் குளோரைடு: நம் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்துச் சாடியில் இருக்கும் அதே உப்பு.